கை தடவுது

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 10 நிமிடம். எண்ணிக்கை: 41,870.

உன் கை இத்தனை முறை அசைந்திருக்கிறது. எண்ணியது நான் இல்லை. கைக்குள் இருக்கும் சிப் எண்ணி வைத்திருக்கிறது. இப்போது அது என் மேஜையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில், மல்லாந்து கிடக்கிறது. கேபிள் மாட்டியதும் விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. ஸ்விட்ச் போட்டால் எல்லாக் கையும் அப்படித்தான் செய்யும், அது சோதனை அசைவு என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

கட்டைவிரல் மூட்டில் ரப்பர் உறையைக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தேன். ஏரிச் சேறு. வேறு எந்தச் சேற்றுக்கும் அந்த வாடை கிடையாது. நனையவே கூடாது என்று நான் பத்து தடவை படித்துப் படித்துச் சொன்ன கைக்குள் ஏரிச் சேறு.

துக்கம் விசாரித்து நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வருவதெல்லாம் கோபமாக இருக்கிறது. உன் மேலும்தான். செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்று எவனாவது சொன்னால் அவன் மேலும்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளை திங்கட்கிழமை உனக்குக் காரியம். கையை உன்னைப் புதைத்த இடத்திலேயே, உன் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்கிறாள் உன் மனைவி கங்கா. நாளை காலை பத்து மணிக்குள் கை சென்னை ஆபீஸுக்கு வந்து சேர வேண்டும் என்கிறது என் கம்பெனி. இரண்டு பேரும் கேட்பது ஒரே கையை. அது என்னிடம் இருக்கிறது.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்தது கால் மணி நேர நடை. ஆனால் ஏரியில் எங்கள் ஊருக்குப் பாடு உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறோம். உங்கள் சனத்துக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. கை இருந்தது. முழங்கால் தண்ணீரில் குனிந்து தவழ்ந்து, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பீர்கள். அதற்கு உங்கள் வீட்டில் சொல்வது ஒரே வார்த்தைதான். தடவுறது. "தடவப் போறோம்", "தடவிட்டு வந்தாச்சு", "இன்னிக்கு தடவல் சரியில்ல." பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை வைத்து உன்னை ஓட்டாத பையன் கிடையாது. நானும் ஓட்டியிருக்கிறேன். "யார தடவப் போற?" என்று கேட்போம். நீ முகம் மாறாமல், "உங்க ஊட்டு மீன் கொழம்புல இறால் எப்டி வந்துச்சுனு உங்கம்மாவ கேளு" என்பாய்.

எட்டாவதோடு நீ நின்றாய். நான் பொன்னேரி பஸ் ஏறி டிப்ளமோ படித்தேன். சித்திரை வெயிலில் நாம் சந்திக்கிற இடம் பழவேற்காட்டில் நீ வேலை பார்த்த ஐஸ் ரூம். இறால் கிடைக்காத மாதங்களில் அங்கே ஐஸ் பாரைத் தூக்கி அரைக்கிற மெஷினில் போடுவது உன் வேலை. மதியம் லோடு போன பிறகு, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளில் உட்கார்ந்து என் போனில் ஜப்பான் அனிமே பார்ப்போம். எல்லாம் ஒரே ஜாதிக் கதைதான். எதிர்கால நகரம், கலர் கலராய் விளக்கு, நிற்காத மழை, பாதி உடம்பு இரும்பான ஆட்கள், மூளையில் ஒயர். கீழே ஓடுகிற ஆங்கிலத்தை நீ படிக்க மாட்டாய். நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் உன் கேள்வி வந்துவிடும்.

"ஏண்டா, இவுங்க ஊர்ல எப்பப் பாத்தாலும் மழையாவே கீது. வூட்டுக்குள்ள தண்ணி வராதா?"

"கதையப் பாருடா."

"இல்லடா, இரும்புக் கைன்ற. உப்புக் காத்துக்கு ஒரு சைக்கிள் செயினே மூணு மாசம் தாங்கல. இவன் எங்க போய் எண்ண போடுவான்?"

"அது ஸ்பெஷல் மெட்டல்."

"சரி. ஒருத்தனாவது அந்தக் கையால சோறு துன்றானா பாரு. அடிக்கிறான், சுடுறான், செவுத்த ஒடைக்கிறான். பசியே எடுக்காதா இவுங்களுக்கு?"

எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கதைகளை நான் அவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டிருந்தேன். மனிதனும் மெஷினும் ஒன்றாகிவிட்டால் எது மனிதன், எது மெஷின்? மூளையில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அது நானா, என் நகலா? கல்லூரியில் இதைப் பேசி நான் பெரிய ஆள் ஆகியிருந்தேன். உன்னிடமும் பேசினேன். நீ பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"மண்டைல கீறத ஏத்திடுவாங்க. சரி. கைல கீறது?"

"கைல ஒண்ணும் இல்லடா. எல்லாம் மூளைதான். கை சும்மா கருவி."

பக்கத்தில் இருந்த பெட்டிக்குள், கலங்கிய ஐஸ் தண்ணீருக்குள், கையை விட்டாய். முகம் என் பக்கமே இருந்தது. "வெள்ள இறா. ஒரு மீசை ஒடஞ்சிகீது" என்று சொல்லிவிட்டு வெளியே எடுத்தாய். வெள்ளை இறால். ஒரு மீசை உடைந்திருந்தது.

"மூளையா சொல்லுச்சு?" என்றாய்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கதையில், ஒருவனுக்குக் கம்பெனி மெஷின் கை பொருத்தியிருக்கும். அவன் எதிர்த்துப் பேசியதும் கம்பெனிக்காரன் எங்கோ உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டுவான். அவன் கையே அவன் கழுத்தை நெரிக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நீ கொட்டாவி விட்டாய். "கை எவன் செஞ்சானோ அவன் பேச்சத்தானே கேக்கும். இதுல இன்னா சஸ்பென்ஸு?"

அடுத்த வருடம் அதே ஐஸ் ரூமில், அதே மெஷின் உன் வலது கையை இழுத்துக்கொண்டது. மழை, விளக்கு, இசை எதுவும் இல்லை. மதியம் ஒன்றரை மணி, லோடு அவசரம், பாரோடு கையும் போனது. மனிதனும் மெஷினும் ஒன்றாவதைப் பற்றி எவ்வளவு பேசினேன். உன் விஷயத்தில் ஒன்றானது அப்படித்தான். முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை மிச்சம். "அவன் பாத்துப் போட்டிருக்கணும்" என்றார் ஐஸ் ரூம் ஓனர். கடைசிவரை அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கை போனால், வலையில் அவன் பங்கு போகாது. பாடு அவன் பேரில் நிற்கும். தம்பியோ மச்சானோ போய் வலை இழுப்பான். உனக்கு வலை, படகு, பாடு எல்லாமே அந்த இரண்டு கைதான். அதில் பாதி போய்விட்டது. இதை நான் ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கலாம். பேசவில்லை. பேசினால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதனால் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அதற்குப் பதிலாக நான் செய்தது, உன்னைக் கம்பெனிக்கு அழைத்துப் போனது. நான் வேலை பார்க்கும் இடத்தில் மின்சாரக் கை செய்கிறார்கள். மிச்சமிருக்கும் கைச் சதையில் சென்சார் ஒட்டும். சதை இறுகினால் கை மூடும், தளர்ந்தால் திறக்கும். சோதனைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் உன் பெயரைக் கொடுத்தேன். எங்கள் மேனேஜர் மேடம் உன்னைப் பார்த்ததும் பரவசமாகிவிட்டார். ஏரி, மீனவன், இரும்புக் கை. "செம ஸ்டோரி" என்றார்.

டீ கிளாஸைத் தூக்குகிற மாதிரி உன்னைப் பதினான்கு தடவை எடுத்தார்கள். ஏழாவது தடவையே டீ ஆறிவிட்டது. நீ ஆறின டீயைப் பார்த்து, "இன்னும் எத்தினி வாட்டி குடிக்காம தூக்கணும்?" என்று கேட்டாய். கேமராக்காரர் சிரித்து கேமரா ஆடி, பதினைந்தாவது தடவை எடுத்தார்கள். பிறகு அனிமே மாதிரியே ஒரு போஸ்டர் வரைந்து கொடுத்தார்கள். ஊதாவும் சிவப்புமாக விளக்கு, சாய்வாகப் பெய்யும் மழை, நடுவில் நீ, ஒரு கை பளபளவென்று. மேலே 'பாதி மனிதன், பாதி மெஷின்' என்று எழுதியிருந்தது. நீ அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாய். உனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம். "நம்ம ஊர்லயும் மழ பேஞ்சிடுச்சு பாத்தியா?" என்று கேட்டாய்.

படிவத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாய். கை கம்பெனியின் சொத்து. சோதனை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தண்ணீரில் வைத்தால் திரும்பப் பெறப்படும். நான்தான் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் நீ நிறுத்தச் சொன்னாய்.

"தண்ணில வெச்சா புடுங்கிக்குவாங்களா?"

"ஆமா. மோட்டார் போயிடும்."

"அப்போ ஏரில?"

"ஏரின்னா என்ன, தண்ணிதானே? உனக்கு வேற வேலை பாக்கலாம்டா. இந்தக் கைய வெச்சிட்டுக் கடைல நிக்கலாம், பில் போடலாம்."

நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் சர்வீஸுக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாக, ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனவன் மாதிரி, பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாய்.

"டேய் எஞ்சினியரு, கை தடவுதுடா!"

நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் வீட்டு வாசலில், ஏரிக்கரையில், சேற்று வாடைக்கு நடுவில். என் காதில் விழுந்தது மட்டும் காலேஜ் பாஷை. பரீட்சையில் பதில் தெரியாதவன் தடவுவான். கிரிக்கெட்டில் பந்தில் மட்டை படாதவன் தடவுவான். 'தடவுது' என்றால் திணறுது. அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் உன் பக்கத்தில் இருந்தவனுக்கு அந்த வார்த்தை அப்படித்தான் கேட்டது.

"எப்போ இருந்து தடவுது?" என்று கேட்டேன், டாக்டர் மாதிரி.

"ரெண்டு மூணு மாசமா. காலைல நல்லா தடவுது."

புகார்த் தாளில் எழுதினேன்: 'கை தானாகத் தடுமாறுகிறது. காலையில் அதிகம்.' லேப்டாப்பை மாட்டினேன். நூறு அசைவில் தொண்ணூற்றொன்று சின்னச் சின்ன, அரைகுறை அசைவு. விரல் கொஞ்சம் மூடும், நிற்கும், திறக்கும், மறுபடி மூடும். இதை நாங்கள் நாய்ஸ் என்போம். தேவையில்லாத இரைச்சல். ஒவ்வொரு அசைவுக்கும் எதிரே நேரம் போட்டிருக்கும். அதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சென்சாரின் எல்லை அளவை ஏற்றினேன். அதற்குக் கீழே வருகிற எந்தச் சிக்னலையும் இனி கை மதிக்காது. இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. மேடத்துக்கு மெசேஜ் அனுப்பினேன், 'சரி செய்யப்பட்டது' என்று. அவர் கட்டைவிரல் உயர்த்தி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து நீ போன் செய்தாய்.

"முன்ன மாதிரி இல்லடா. தடவ மாட்டேங்குது."

"நல்லதுதானே? அதுக்குதானே சரி பண்ணேன்."

பின்னால் உன் பெண் குழந்தை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. "சர்தான்" என்று வைத்துவிட்டாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மழைக்குப் பிறகு ஏரி நிரம்பி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வடிந்துகொண்டிருந்த நாள். உங்கள் ஆட்கள் பத்துப் பேர் இறங்கினார்கள். நீ அவர்களோடு வரவில்லை, தள்ளி, தனியாக இறங்கினாய். ஒற்றைக் கையால் தடவுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். இழுப்பு வந்தபோது மற்றவர்கள் இரண்டு கையையும் முழங்கை வரை சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். உனக்கு ஊன்ற ஒரு கைதான் இருந்தது.

மின்சாரக் கையைக் கரையில் கண்டுபிடித்தார்கள். துண்டில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டு, மேலே அரிசிப் பையில் வைத்து வாயைக் கட்டியிருந்தாய். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. என் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறாய். கை நனையவில்லை. நீ நனைந்தாய்.

மூன்றாம் நாள் மேடத்திடமிருந்து மெயில். ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, உன் பழைய வீடியோவை வைத்து நினைவஞ்சலியாக ஒரு வீடியோ செய்யப் போவதாகவும், 'பழவேற்காட்டின் முதல் சைபார்க்', அதாவது முதல் பாதி மெஷின் மனிதன், என்று தலைப்பு வைக்கப் போவதாகவும், உன்னைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் இருந்தது. அதற்கும் கீழே: டிவைஸை மெமரி அழியாமல் ஒப்படைக்கவும். நாற்பதாயிரத்துச் சொச்சம் அசைவு உள்ள ரிப்போர்ட் அவர்களுக்கு வேண்டும். 'மிக அதிகமாகப் பயன்படுத்திய பயனாளி' என்று அதற்குள் அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

நேற்று கையை வாங்கிப் போகத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் நைனா வாசலில் உட்கார்ந்து பறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார், பின்னவில்லை. உன் பறி. என்னை உட்காரச் சொல்லவில்லை. கங்காதான் பேசினாள்.

"ணா, அந்தக் கைய கம்பெனிக்குக் குடுத்துடுவியா?"

"அது அவங்களுது கங்கா. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கோம்."

"எந்தக் கையால போட்டாரு? எடது கையால. பேங்க்லயே எடது கை கையெழுத்து செல்லாதுனு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க கம்பெனிக்கு மட்டும் செல்லுமா?"

நைனா தலையைத் தூக்காமலே பேசினார். "மெஷின்ல போன கைய ஆஸ்பத்திரில இன்னா பண்ணாங்கனே தெர்ல. கேட்டதுக்கு தொரத்துனாங்க. இத்தயும் குடுத்துட்டு எம்புள்ளய மூளியா படுக்க வெக்கணுமா?"

"நைனா, அது வெறும் மெஷினு. பிளாஸ்டிக்கு, மோட்டாரு..."

"மெஷினா?" என்றாள் கங்கா. அவள் குரல் அப்போதுதான் ஏறியது. "மொதல்ல நானும் அப்டித்தான் நெனச்சேன். அத்தப் பாத்தா புள்ள அழுவும். பரண் மேல வெய்யினு சண்ட போட்டேன். அப்பறம் இன்னா பண்ணாருனு உனுக்குத் தெரியுமா? காலைல அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துக்குவாரு. பெயிண்டு டப்பால ஏரிச் சேத்த கொழச்சி வெப்பாரு. கைக்கு பாலித்தீன் கவரு மாட்டி, சைக்கிள் டியூபு ரப்பரு போட்டுக் கட்டுவாரு. நாலு உசுரு இறா உள்ள வுட்டுட்டு, கைய உட்டுத் தடவுவாரு."

"எதால? அந்தக் கையாலயா?"

"பின்ன? 'வாய மூடுமே, சத்தம் கேக்கணும்'பாரு. சும்மா போச்சுன்னா மோட்டாரு கொர்ருனு போவுமாம். இறா பட்டா முய்ய்னு இழுக்குமாம். அந்த இழுப்பு எலும்புல தெரியுதுனு சொன்னாரு. மொதல்ல ஒண்ணும் கெடைக்கல. எல்லாத்தையும் நசுக்கிட்டாரு. அப்பறம் ஒண்ணு. அப்பறம் ரெண்டு. ஒரு நாளு நாலுல மூணு புடிச்சிட்டாரு. அன்னிக்கு ஆடிக்கினு கெடந்தாரு. மூணே மூணு இறாவுக்கு என்னிய கொழம்பு வெக்கச் சொன்னாரு."

"வெச்சியா?"

"வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணு, நைனாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவரு கொழம்ப மட்டும் ஊத்திக்கினாரு. அந்தக் கையாலதான் ஊத்திக்கினாரு."

"கங்கா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கம்பெனி ஆளு இல்லியாணா? தண்ணில வெச்சார்னு தெரிஞ்சா புடுங்கிக்குவீங்க. நானும் கேட்டேன், அந்த அண்ணாகிட்டயாவது சொல்லேன்னு. 'பாதி சொல்லிட்டேன், மீதிய அவனே புரிஞ்சிப்பான். எஞ்சினியரு ஆச்சே'ன்னாரு."

பாதி சொல்லியிருக்கிறாய். 'கை தடவுது.' அது பாதி இல்லை, முழுசு. கேட்கத் தெரியாதவனுக்குத்தான் பாதி.

கையை வாங்கிக்கொண்டு வந்தேன். முடிவு சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கேபிளை மாட்டி, செப்டம்பரில் பார்க்காத அந்த நேரப் பத்தியைத் திறந்தேன். மொத்தம் 41,870. அதில் நான் இரைச்சல் என்று ஒதுக்கியது 38,016. ஒன்றுவிடாமல் காலை ஐந்திலிருந்து ஏழுக்குள். தினமும். ஞாயிறு, பண்டிகை, உன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்ன வாரம், எதிலும் இடைவெளி இல்லை. மிச்சம் 3,854 தான் சைக்கிள் ஹேண்டில், வாளி, கரண்டி, டீ கிளாஸ். அதில் நான் 'சரி' செய்த பிறகு உள்ளது வெறும் 97.

அந்த 38,016 வரிகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். முதல் மாதங்களில் கண்டபடி இருக்கிறது. போகப் போகச் சின்னதாகிறது, சீராகிறது. விரல் கால்வாசி மூடுகிறது, எதன் மேலோ பட்டு மோட்டார் இழுக்கிறது, உடனே நிற்கிறது, நசுக்காமல் காத்திருக்கிறது, மெல்ல மூடுகிறது. எங்கள் ஆபீஸில் ஆறு பேர் உட்கார்ந்து எழுத முயன்றுகொண்டிருக்கும் மென்மையான பிடி இதுதான். அதை நீ பெயிண்ட் டப்பாவில் வைத்து எழுதியிருக்கிறாய். தொடு உணர்வே இல்லாத கைக்கு மோட்டார் சத்தத்தை வைத்துத் தொடக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதை முடக்கிவிட்டேன்.

செப்டம்பருக்குப் பிறகு நீ அதோடு விட்டுவிட்டாயா, இல்லை அதற்கப்புறமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து சேற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. எல்லைக்குக் கீழே வரும் சிக்னலைக் கை பதிவும் செய்யாது. உன் பேச்சைக் கேட்காதே என்று உன் கைக்குச் சொன்னவன் நான். பட்டனைத் தட்டினவன் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. உன் வாசலில், உன் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தை நெரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கை சும்மா இருந்தால் போதும்.

மனிதன் எங்கே முடிகிறான், மெஷின் எங்கே தொடங்குகிறது என்று ஐஸ் ரூமில் உட்கார்ந்து எவ்வளவு அளந்தேன்! அந்த அனிமேக்காரர்கள் எல்லாம் உயிர், ஆன்மா, நகல் என்று மழையில் நனைந்துகொண்டு புலம்பட்டும். எனக்கு இனி அந்தக் கேள்வி வேண்டாம். ஒருவன் உடம்பிலிருந்து வருவதில் எது பேச்சு, எது இரைச்சல் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதை மட்டும் கேட்டால் போதும். உன் விஷயத்தில் முடிவு செய்தவனுக்கு ஆறரை மணி பஸ்.

நீயும் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். 'இறால் தடவுதுடா' என்று ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கோபம் எனக்குப் போகாது. ஆனால் அந்த வார்த்தையை நீ ஏன் விழுங்கினாய் என்றும் எனக்குத் தெரியும். படிவத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டியதே நான்தான்.

கங்கா சொன்னது சரி. கையெழுத்து இடது கையால் போட்டது. வலது கை எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வலது கை இதோ மேஜையில் இருக்கிறது, கட்டைவிரல் மூட்டுக்குள் ஏரிச் சேற்றோடு. கம்பெனியின் சொத்துக்குள் எப்படி வந்தது அந்தச் சேறு?

இனி செய்யப்போவது:

1. 41,870 வரிகளையும் நகல் எடுப்பேன். ஒன்று எனக்கு, ஒன்று கம்பெனிக்கு. மெமரிதானே கேட்டார்கள், கிடைக்கும்.

2. மேடம் கேட்ட ஒரு பக்கத்தை எழுதுவேன். 38,016 இரைச்சல் இல்லை, தொழில் என்று எழுதுவேன். அதை நிறுத்தியது யார், எந்தத் தேதி, எவ்வளவு அளவு என்று என் பெயரோடு எழுதுவேன். தண்ணீர் புகாத கை செய்யாமல் ஏரிக்கரைக்காரனுக்குக் கை கொடுக்காதீர்கள் என்றும் எழுதுவேன்.

3. உன் படம், உன் பெயர், சைபார்க் என்ற வார்த்தை, எதையும் வீடியோவில் போட கங்காவுக்குச் சம்மதம் இல்லை என்று எழுதி அவள் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி அனுப்புவேன். எந்தக் கையாக இருந்தாலும் செல்லும்.

4. சார்ஜரையும் பேட்டரியையும் திருப்பி அனுப்புவேன். அவை அவர்களுடையவை. அதோடு, லித்தியத்தை மண்ணில் புதைக்கக் கூடாது. வேலை போகும். போகட்டும்.

5. ஊர்க்கூட்டத்தில், உங்கள் சனத்துக்கும் பாடு வேண்டும் என்று பேசுவேன். உட்காரச் சொல்வார்கள். உட்கார மாட்டேன்.

6. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லை அளவைப் பழைய இடத்துக்கே இறக்குவேன். செப்டம்பருக்கு முன்னால் இருந்த அதே அளவு. ஒரு புள்ளி கூட மாற்ற மாட்டேன். கட்டைவிரலில் இருக்கும் சேற்றைத் துடைக்க மாட்டேன்.

7. நாளை காலை நைனாவோடு போய், உன் வலது பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவேன். கையை உள்ளங்கை கீழே பார்த்தபடி வைப்பேன். விரல்களைக் கொஞ்சம் விரித்து, கால்வாசி மடக்கி. தடவும்போது அப்படித்தான் இருக்கும்.